ஜப்பானிய–ஆங்கில அகராதி வாங்கும் முன்: புதுச்சேரி, கடலூர் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் மாலை நேரத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தும் வருகிறார்கள். இன்ஜினியரிங் முடித்தவர்கள், முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக நினைக்கும் நர்சிங் மாணவிகள், அனிமே பார்த்து மொழிமேல் ஆசை வந்த பிள்ளைகள். ஹிராகானா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்துகளை எழுதப் பழகியதுமே அத்தனை பேரும் கேட்பது அகராதியைப் பற்றித்தான். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஜப்பானியச் சொற்களை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அது ஒலியைத் தோராயமாகத்தான் காட்டும். கானா எழுத்தில் (ஜப்பானியத்தின் ஒலியெழுத்துகள், ஹிராகானா அதில் ஒரு வகை) ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். எந்த அகராதி?

ஆண்ட்ராய்டு போன் என்றால் டகோபோட்டோ. ஐபோன் என்றால் ஷிராபே ஜிஷோ. இரண்டும் இலவசம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கணினியில் ஜிஷோ டாட் ஆர்க் என்ற தளம். தாளில்தான் வேண்டும் என்றால் கோடன்ஷா பதிப்பகத்தின் ஃபுரிகானா அகராதி. 1999இல் வந்தது, ஜப்பானியம்–ஆங்கிலம், ஆங்கிலம்–ஜப்பானியம் இரண்டு பகுதிகளும் சேர்த்து சுமார் 30,000 சொற்கள். முதல் இரண்டு மூன்று வருடப் படிப்புக்குத் தாராளமாகப் போதும்.

அதைவிடப் பெரிய அகராதிகள் இருக்கின்றனவே? பெரியதாக ஒன்றை ஒரே தடவையில் வாங்கிவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். அகராதியின் அளவைப் பார்க்கும் முன்பு, அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

ஜப்பானிய–ஆங்கில அகராதிகளில் பெரியது கென்க்யூஷா பதிப்பகத்துடையது. 1918இல் முதல் பதிப்பு, 2003இல் ஐந்தாம் பதிப்பு. தலைச்சொல், கூட்டுச்சொல், எடுத்துக்காட்டு எல்லாம் சேர்த்தால் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் அது ஜப்பானியர்கள் ஆங்கிலம் எழுதுவதற்காகச் செய்த அகராதி. ஜப்பானியச் சொல்லின் பொருளும் வாசிப்பும் அவர்களுக்குத் தெரியும்; தெரியாதது ஆங்கிலச் சொல் மட்டும்தான். அதனால் ஒரு சொல்லுக்கு நேராக நாலைந்து ஆங்கிலச் சொற்களை வரிசையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடும். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் கான்ஜிக்கு (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) மேல் வாசிப்பு பெரும்பாலும் இருக்காது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: ஆங்கிலம் சுமாராகத் தெரியும், ஜப்பானியச் சொல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதை எப்படி வாசிப்பது, எதோடு சேர்ந்து வரும், யாரிடம் சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதெல்லாம் வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் ஒரு தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சானது. பாரிஸ் வேதபோதக சபையின் பாதிரியார்கள் தொகுத்தது. தமிழ் கற்க வந்த பிரெஞ்சுக்காரருக்கு அது பெரிய உதவி. அதையே பிரெஞ்சு கற்கும் தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்தால், ஐந்து பிரெஞ்சுச் சொற்களில் எதை எடுப்பது என்று தெரியாமல் முழிக்கும். ஜப்பானிய மொழிக்கும் இப்படி வெளியாருக்காகச் செய்த அகராதி அதே காலத்தில் வந்தது. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஹெப்பர்ன் தொகுத்து 1867இல் வெளியிட்டார், அச்சடித்தது ஷாங்காயில். இன்றைக்கும் ஜப்பானியத்தை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்கு அவர் பெயர்தான்.

ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘ககெரு’ என்ற வினை. அகராதியைத் திறந்தால் தொங்கவிடு, அணி, ஊற்று, பூட்டு, பெருக்கு, தொலைபேசியில் அழை என்று ஒரு பக்கம் ஓடும். ஆங்கிலச் சொற்களை மட்டும் பார்த்தால் தலை சுற்றும். எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்: ‘தென்வா ஓ ககெரு’, போன் போடு. ‘மெகனெ ஓ ககெரு’, கண்ணாடி போடு. ‘ககி ஓ ககெரு’, பூட்டுப் போடு. தமிழில் நாம் ‘போடு’ என்பதை எங்கெல்லாம் போடுகிறோமோ அங்கெல்லாம் இதுவும் வருகிறதே என்று சந்தோஷப்படுவீர்கள். அடுத்த வாக்கியத்திலேயே அது நின்றுவிடும். சட்டை போட்டுக்கொள்ள ‘கிரு’, செருப்புக்கும் பேன்ட்டுக்கும் ‘ஹகு’, தொப்பிக்கு ‘கபுரு’. ஆங்கிலத்தில் அத்தனைக்கும் ஒரே சொல். எடுத்துக்காட்டு இல்லாத அகராதி இந்த வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. அதனால் 5 லட்சம் சொல்லைத் தேடிப் போவதைவிட, சொல்லுக்கு இரண்டு நல்ல வாக்கியமும், வாக்கியத்தில் இருக்கும் ஒவ்வொரு கான்ஜிக்கும் ஃபுரிகானாவும் உள்ள அகராதியைத் தேடுங்கள்.

ஃபுரிகானா என்றால்?

கான்ஜி எழுத்தின் தலைமேல் (செங்குத்தாக அச்சிட்டால் வலப்பக்கம்) பொடி எழுத்தில் அச்சிடும் கானா. அந்த கான்ஜியை இந்த இடத்தில் எப்படி வாசிக்க வேண்டும் என்று அது காட்டும்.

ரோமாஜியில் (ரோமன் எழுத்தில்) அச்சிட்ட அகராதி சுலபமாக இருக்கிறது. அதையே வாங்கலாமா?

வேண்டாம். சுற்றுலா போகிறவருக்கு அது சரி. படிக்கிறவருக்கு ரோமாஜி இடைஞ்சல்தான். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. குறில், நெடில் மாறினால் பொருள் மாறும் என்பது தமிழருக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் ரோமன் எழுத்தில் மேல்கோடு விட்டுப்போனால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கானா வரிசையில் அமைந்த அகராதி ஆங்கிலம் மட்டும் படித்தவருக்குப் பயமாக இருக்கும்; தமிழ் அரிச்சுவடி தெரிந்தவருக்கு அது வீட்டுப் பாடம். உயிர் வரிசை: அ, இ, உ, எ, ஒ. அதற்குப் பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய் வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஜப்பானியத்தில் இல்லாதவை நடுவில் உதிர்ந்திருக்கின்றன, வரிசை அப்படியே இருக்கிறது. சமஸ்கிருத ஒலியியல் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன வரிசை அது. ‘ப’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ இருப்பதற்கும் காரணம் உண்டு: அந்த ஒலி பழைய ஜப்பானியத்தில் ‘ப’வாக இருந்தது என்பதுதான் மொழியியலாளர்கள் கருத்து. ‘க’வையும் அதன் மெல்லிய ஒலியையும் தமிழ் ஒரே எழுத்தில் எழுதுவதுபோல, ஜப்பானிய அகராதியும் இரண்டையும் ஒரே இடத்தில் அடுக்கும், ஒலி மாற்றத்தைக் காட்டும் இரண்டு சிறு கோடுகள் மட்டும் கூடுதல். என் வகுப்பில் கானா அகராதியில் சொல் தேடச் சொன்னால், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். இந்தச் சலுகையைத் தூக்கி எறிந்துவிட்டு ஏ, பி, சி வரிசையில் போய்த் தேடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

எந்த ஆப்பைத் திறந்தாலும் ஒரே விளக்கம் வருகிறதே, ஏன்?

ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரே அகராதி. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய எடிக்ட் என்ற கோப்பு, பிறகு ஜேஎம்டிக்ட் என்று வளர்ந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கிடைக்கிறது. ஜிஷோ, டகோபோட்டோ, ஷிராபே ஜிஷோ எல்லாமே அதன்மேல் கட்டியவைதான். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் இன்றும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வேலை இலவசமாக நம் கைக்கு வருவதை நான் கொடை என்றே நினைக்கிறேன்.

ஆக, மூன்று ஆப்பை இறக்கி ஒப்பிட்டுச் சரிபார்த்தேன் என்று யாராவது சொன்னால், ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விளக்கத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்: வினை வடிவத்தைப் பிரித்துக் காட்டுகிறதா, கையால் எழுதித் தேட முடிகிறதா, எழுத்துருவம் கண்ணுக்குத் தெளிவா, தேடிய சொற்களைப் பட்டியலாகச் சேமிக்க முடிகிறதா.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த ஆப்களில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பெரும்பாலும் டட்டோயெபா என்ற திறந்த தொகுப்பிலிருந்து வருபவை. அதில் ஒரு பெரிய பகுதி, பேராசிரியர் யசுஹிதோ தனகா தம் மாணவர்களைக் கொண்டு சேர்த்தது. பிழையும் இயல்பில்லாத நடையும் அதில் உண்டு. பொருள் புரிந்துகொள்ளப் படியுங்கள்; அப்படியே மனப்பாடம் செய்து பேசாதீர்கள். மனப்பாடத்துக்குப் பாடப்புத்தக வாக்கியம்தான் நல்லது.

‘பொதுவான சொல்’ என்று சில சொற்களுக்கு அடையாளம் போட்டிருக்கும். ஆரம்பத்தில் அந்த அடையாளம் இல்லாத சொல்லைத் தொடவே தொடாதீர்கள்.

புத்தகத்தில் பார்த்த சொல் அகராதியில் இல்லை. என்ன செய்வது?

பத்தில் ஒன்பது தடவை அது வினையின் மாறிய வடிவமாக இருக்கும். தமிழ் அகராதியில் ‘சாப்பிடவில்லை’ என்று தேடினால் கிடைக்குமா? ‘சாப்பிடு’ என்றுதானே தேட வேண்டும். அதேபோல ‘தபெமசென் தெஷிதா’ என்பதற்கு ‘தபெரு’. நல்ல ஆப் தானே பிரித்துக் காட்டிவிடும், தாள் அகராதி காட்டாது.

ஆப் பிரித்தாலும் கவனமாக இருங்கள். கானாவில் ‘இத்தெ’ என்று இருந்தால் அது ‘இகு’ என்ற போவதன் எச்சமாக இருக்கலாம், ‘இயு’ என்ற சொல்வதன் எச்சமாகவும் இருக்கலாம். போய், சொல்லி: இரண்டில் எது என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

கான்ஜிக்குத் தனி அகராதி வேண்டுமா?

முதல் வருடம் வேண்டாம். ஆப்பில் விரலால் வரைந்தால் எழுத்து வந்துவிடும், கோட்டு வரிசை ஓரளவு சரியாக இருந்தால் போதும்.

ஆனால் கான்ஜிமேல் ஆசை வந்துவிட்டவர்களுக்கு ஜாக் ஹால்பர்னின் கோடன்ஷா கான்ஜி லேர்னர்ஸ் அகராதியைக் கைகாட்டுவேன். 1999இல் 2,230 எழுத்துகளோடு வந்தது. 2013இன் திருத்திய பதிப்பில் 3,002. ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2,136 எழுத்துகளும் அதில் அடங்கும். பழைய முறையில் கான்ஜி தேட 214 மூல உறுப்புகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஹால்பர்ன் ஸ்கிப் என்றொரு முறையை அமைத்தார். எழுத்து இடம்–வலமாகப் பிரிகிறதா, மேல்–கீழாகவா, ஒன்றை ஒன்று சூழ்ந்திருக்கிறதா, பிரியாத முழு எழுத்தா என்று பாருங்கள். பிறகு கோடுகளை எண்ணுங்கள். வெளிச்சத்தைக் குறிக்கும் கான்ஜியில் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. இடம்–வலம் என்பதால் முதல் எண் 1. சூரியனுக்கு 4 கோடு, நிலாவுக்கு 4 கோடு. ஆக 1-4-4 என்ற இடத்தைப் புரட்டினால் எழுத்து அங்கே இருக்கும். அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் மையப் பொருள் ஒன்றைத் தந்து, மற்ற பொருள்கள் அதிலிருந்து எப்படிக் கிளைத்தன என்று காட்டுவது அந்த அகராதியின் தனி அழகு.

ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்குத் தேடலாமா?

தேடலாம், ஆனால் கிடைத்த சொல்லை அப்படியே எடுத்துக் கட்டுரையில் வைக்காதீர்கள். அதைத் திரும்ப ஜப்பானியப் பக்கத்தில் தேடி, வாக்கியங்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘நீங்கள்’ என்பதற்கு ‘அனதா’ என்று அகராதி சொல்லும். ஆசிரியரைப் பார்த்து ‘அனதா’ என்றால் முகம் சுளிப்பார். ஜப்பானியத்தில் பெயரோடு ‘சன்’ சேர்த்தோ, ‘சென்செய்’ என்றோதான் கூப்பிடுவார்கள். பெரியவர்களை சார், அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

எனக்கு ஆங்கிலமே தகராறு. தமிழ் வழியாகப் படிக்க முடியாதா?

அகராதி ஆங்கிலத்தில் இருந்தாலும் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆங்கில விளக்கம் சுற்றி வளைத்துச் சொல்வதைப் பல இடங்களில் தமிழ் நேராகச் சொல்லிவிடும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் ஜப்பானியத்தில் தனித்தனிச் சொல் உண்டு: அனி, ஒதோதொ, அனெ, இமோதொ.

துணைவினைகளில் இன்னும் நெருக்கம். ‘தபெதெ மிரு’ என்பதற்கு ஆங்கில அகராதி ‘முயற்சி செய்’ என்று எழுதியிருக்கும். ‘மிரு’ என்றால் பார். ‘தபெதெ மிரு’ நம் ‘சாப்பிட்டுப் பார்’தான். ‘ஒகு’ என்றால் வை. ‘கத்தெ ஒகு’ என்றால் முன்கூட்டியே ‘வாங்கி வை’. ‘வசுரெதெ ஷிமத்தா’ என்பதில் ‘மறந்துவிட்டேன்’ என்பதோடு ஐயோ என்ற வருத்தமும் சேர்ந்தே வரும், நம் ‘விட்டேன்’ போலவே. ஆங்கில அகராதி இதற்கு ஒரு பத்தி செலவழிக்கும்.

இந்த மாதிரி இலக்கணத் துண்டுகளுக்குச் சொல் அகராதி போதாது. மகினோவும் ட்சுட்சுயியும் எழுதிய அடிப்படை ஜப்பானிய இலக்கண அகராதி 1986இல் வந்தது. இன்றுவரை அதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு தாள் புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், ஆப்பை அகராதியாக வைத்துக்கொண்டு பணத்தை இதில் போடுங்கள்.

தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பமா என்று அடுத்து கேட்பீர்கள். பேராசிரியர் ஸுஸுமு ஓனோ அப்படி வாதிட்டார்; மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சொல் வரிசையும் துணைவினை அமைப்பும் ஒத்துப்போவதால் நமக்குக் கற்பது எளிது. அந்த அளவில் நிறுத்திக்கொண்டு, ஒலி ஒற்றுமையை வைத்துச் சொற்பொருளை ஊகிக்காமல் அகராதியைப் பாருங்கள்.

கூகுள் லென்ஸும் ஏஐயும் இருக்கும்போது அகராதி எதற்கு?

ஊறுகாய் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க லென்ஸ் போதும். படிப்புக்குப் போதாது. மொழிபெயர்ப்பு ஒரு விடையை மட்டும் தரும், வேறு என்னென்ன பொருள் இருக்கலாம் என்பதை மறைத்துவிடும். ஏஐ விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கான்ஜியின் வாசிப்பைச் சில சமயம் தவறாகச் சொல்லும், அதுவும் உறுதியான குரலில். விளக்கம் கேளுங்கள், வாசிப்பை அகராதியில் சரிபாருங்கள். கணினியில் ஜப்பானியப் பக்கங்களைப் படிப்பவர்கள் உலாவியில் யோமிட்டான் நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், சொல்லின்மேல் சுட்டியை வைத்ததும் அகராதி விரியும்.

ஆஃப்லைன் அவசியமா? எல்லார் வீட்டிலும் நெட் இருக்கிறதே.

நம் கரையில் அவசியம். டிசம்பர் ஜே.எல்.பி.டி (ஜப்பானிய மொழித் திறன்) தேர்வு மாதத்தின் முதல் ஞாயிறு, சரியாகப் புயல் காலம். 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நவம்பர் 30. தேர்வு நாள் டிசம்பர் 1. கரண்டும் டவரும் போகும் நேரம்தான் கடைசி நேரத் திருப்புதலுக்கான நேரமும். அகராதியை முன்பே முழுதாக இறக்கி வையுங்கள்.

தேர்வு அறைக்குள் அகராதி கொண்டுபோகலாமா?

கூடாது, போனும் கூடாது.

பராமரிப்பு வேலைக்குப் போகிறேன். சாதாரண அகராதி போதுமா?

ஆப் போதும், சிறிய தாள் அகராதி போதாது. படுக்கைப் புண்ணுக்கு நோயாளி ‘தொகோஜுரெ’ என்பார், பதிவேட்டில் ‘ஜொகுசோ’ என்று இருக்கும். இரண்டும் தெரிந்தால்தான் வேலை நடக்கும். இப்படி ஜோடி ஜோடியாகச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

கேசியோ மின்னணு அகராதி வாங்கலாமா?

ஜப்பானில் இருக்கும் உறவினர் பழையது ஒன்றைத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து இறக்குமதி செய்யாதீர்கள். ஜப்பானியப் பள்ளி, கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை அவை. மெனுவே ஜப்பானியத்தில்தான் இருக்கும்.

பழைய புத்தகமாக வாங்கினால்?

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ நெய்வேலி புத்தகக் கண்காட்சியிலோ கிடைத்தால் அதிர்ஷ்டம். அகராதிக்கு மெல்லிய தாள். கடல் காற்றில் ஈரம் குடித்துப் பக்கங்கள் ஒட்டியிருக்கும். நடுவில் நாலு இடத்தில் பிரித்துப் பாருங்கள். எடுத்துக்காட்டுகளில் ஃபுரிகானா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். வீட்டில் சுவரோரம் அடுக்காமல் காற்றாட வையுங்கள்.

ஜப்பானிய–ஜப்பானிய அகராதிக்கு எப்போது மாறலாம்?

ஜே.எல்.பி.டி தேர்வின் நடு நிலையான என்-3 முடித்ததும் முயன்று பாருங்கள். பெரியவர்களுக்கான அகராதியில் தொடங்காமல், ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சிடும் அகராதி ஒன்றில் தொடங்குங்கள். பெரும்பாலும் எல்லா கான்ஜிக்கும் ஃபுரிகானா இருக்கும், விளக்கம் சின்னச் சின்ன வாக்கியங்களில் இருக்கும், படமும் உண்டு. அரிசி, மழை, வெட்கம், கடன் என்று உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த சில சொற்களை அதில் தேடிப் படியுங்கள். பாதிக்குமேல் விளக்கம் புரிந்தால் வாங்கலாம். புரியவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் ஆங்கில அகராதியிலேயே இருங்கள், அவசரம் ஒன்றுமில்லை.